செபமாலையோடு ஷால்கே அரங்குக்குள்: ஃபெல்டின்ஸ் அரீனா சுற்றுலா

ஜேர்மனியில் ஓர் உதைபந்தாட்ட அரங்கைச் சுற்றிப் பார்க்கக் காசு செலவழிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: கெல்சன்கிர்ஷனுக்குப் போங்கள், ஃபெல்டின்ஸ் அரீனாவைப் பாருங்கள். ஷால்கே 04 கழகத்தின் ரசிகராக இருக்கவேண்டும் என்றில்லை. உதைபந்தாட்டமே பிடிக்காதவராக இருந்தாலும் பரவாயில்லை. அந்த அரங்குக்குள்ளே, வீரர்களின் உடைமாற்றும் அறைகளுக்குப் பக்கத்தில், ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

ஊரில் இருந்து வந்திருந்த அம்மாவையும் என் மகனையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். மகன் ஷால்கே என்றால் சோறு தண்ணீர் மறப்பவன். அம்மா யாழ்ப்பாணத்துப் பாசையூர். பாசையூர்க்காரருக்குப் பந்தையும் கோவிலையும் சேர்த்துச் சொன்னால் புதினமாக இருக்காது. எங்கள் ஊர்க் கழகத்தின் பெயரே சென். அன்ரனீஸ். நாவாந்துறைக்குப் போனால் சென். மேரிஸ். புனிதர்களின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு மைதானத்தில் மல்லுக்கட்டும் பெடியளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால்தான் அம்மாவுக்கு இந்த இடத்தைக் காட்டவேண்டும் என்று நெடுநாள் ஆசை.

சுற்றுலா ஒரு வழிகாட்டியோடு, குழுவாகத்தான் நடக்கும். இணையத்தில் முதலே இடம் பிடித்துவிட்டுப் போவது நல்லது. போட்டிகளும் இசை நிகழ்ச்சிகளும் இருக்கும் நாட்களில் நேரங்கள் மாறும். 2001 ஓகஸ்டில் திறந்த அரங்கு இது. உள்நாட்டுப் போட்டிகளுக்கு 62,000 பேருக்கு மேல் கொள்ளும். கூரையை மூடலாம், திறக்கலாம். புல்தரை அப்படியே ஒரு தட்டில் இருப்பதுபோல வெளியே நகர்ந்து வெயில் குடித்துவிட்டு உள்ளே வரும். 2004 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் போர்ட்டோ மொனாக்கோவை 3-0 என்று வென்றது இங்கேதான். இதையெல்லாம் மகன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டு வந்தான். அம்மாவுக்கு வடக்குப் பக்கத்து நிற்கும் படிகளைப் பார்த்ததும் ஒரே கேள்விதான்: "இவ்வளவு சனமும் முழு நேரமும் நிண்டுகொண்டோ பாக்கும்?"

வீரர்கள் மைதானத்துக்கு இறங்கும் வழியை நிலக்கரிச் சுரங்கம்போல அமைத்திருக்கிறார்கள். அது வெறும் அலங்காரம் இல்லை. ஷால்கே சுரங்கத் தொழிலாளர்களின் கழகம். 1904இல் அந்த வட்டாரத்துப் பெடியள் தொடங்கியது, அப்பாமாரும் அண்ணன்மாரும் நிலத்துக்கு அடியில் வேலை செய்த ஊரில். சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களுக்குப் புனித பார்பரா பாதுகாவலி, டிசம்பர் 4 அவருடைய திருநாள். இறங்கினால் ஏறி வருவோமா என்று தெரியாத தொழிலில் இருந்தவர்கள் சனிக்கிழமை பந்து பார்க்கப் போனபோதும் அதே செபங்களைத்தானே கொண்டுபோயிருப்பார்கள்? பக்கத்து ஊரான பொட்ரொப்பில் ஜேர்மனியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018இல் மூடப்பட்டுவிட்டது. 'கிளுக் ஔஃப்' என்ற சுரங்க வணக்கத்தை மட்டும் இந்த அரங்கில் இன்றும் சொல்கிறார்கள்.

சிற்றாலயத்தின் கதவும் இந்தப் பக்கத்திலேயே இருக்கிறது. கத்தோலிக்கருக்கும் புரட்டஸ்தாந்துகாரருக்கும் பொதுவான ஆலயம். அலெக்சாண்டர் யோகிஷ் என்ற கலைஞர் வடிவமைத்தார். எங்கள் ஊர்க் கோவில்களைப்போல நிறமும் சுரூபமும் நிறைந்ததல்ல. சின்னதாக, எளிமையாக இருக்கிறது. ஆனால் உள்ளே கால் வைத்தவுடன் குழு மாறியதைக் கண்ணால் கண்டேன். நீலச் சால்வை போட்ட ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அதுவரை சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு வந்த இரண்டு இளைஞர்கள் குரலைத் தாழ்த்தினார்கள். அம்மா கைப்பையில் இருந்து செபமாலையை எடுத்தார்.

"இதுக்குள்ள வந்து கோல் கேக்கலாமோ பிள்ளை?" என்று என் காதுக்குள் கேட்டார்.

"கேக்கலாம் அம்மா. மற்றப் பக்கத்துக்காரரும் இதே கதவாலதான் வருவினம். அவையும் கேப்பினம்."

"அப்ப ஆண்டவருக்குத்தான் கரைச்சல்" என்று சொல்லிவிட்டு, பேரனைப் பக்கத்தில் இருத்தி 'அருள்நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கினார். அவனும் சேர்ந்து சொன்னான். வீட்டில் நான் கூப்பிட்டால் அப்படி உடனே வருவதில்லை.

இங்கே ஞானஸ்நானமும் கொடுக்கிறார்கள், திருமணமும் நடக்கிறது. எங்கள் பங்கில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. கோவிலைக் கொண்டுபோய் விளையாட்டுக் கொட்டகைக்குள் வைப்பதா என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது இதுதான்: ஞானஸ்நானம் எங்கே நடந்தாலும் தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால்தான். எந்தக் கழகத்தின் பெயராலும் இல்லை. கோவில் வாசலை மிதித்துப் பல வருடம் ஆன ஒரு தகப்பன், தான் நேசிக்கும் இடத்தில் ஒரு பீடம் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறான் என்றால், வரட்டும். மீன் பிடிக்கிறவர்களைத் தேடி ஆண்டவர் கரைக்குத்தான் போனார்.

இந்தக் கழகத்துக்கு அந்த வருடத்தில் ஓர் ஆலயம் எவ்வளவு தேவைப்பட்டது என்பதையும் சொல்லவேண்டும். 2001 மே 19, பருவத்தின் கடைசி நாள். தன் பழைய அரங்கான பார்க்ஸ்டேடியனில் ஷால்கே உண்டர்ஹாக்கிங் கழகத்தை 5-3 என்று வென்றுவிட்டது. பட்டத்துக்குப் போட்டியிட்ட பயேர்ன் மியூனிக், ஹம்பேர்க்கில் ஒரு கோல் பின்னால். அது அப்படியே முடிந்தால் 1958க்குப் பிறகு ஷால்கேயின் முதல் சாம்பியன் பட்டம். முடிந்துவிட்டது என்று நினைத்துச் சனம் மைதானத்துக்குள் பாய்ந்து கட்டிப்பிடித்து அழுதது. நாலு நிமிடம். அப்புறம் பெரிய திரையில் தெரிந்தது: மேலதிக நேரத்தில் பற்றிக் ஆண்டர்சன் அடித்த பந்து வலைக்குள் போய், பட்டமும் மியூனிக்குக்குப் போய்விட்டது. இனி உதைபந்தாட்டக் கடவுளை நம்பமாட்டேன் என்று கழகத்தின் மேலாளர் ரூடி அசௌவர் சொன்னதை இந்தப் பகுதியில் சின்னப் பிள்ளைகளும் அறிவார்கள். மூன்று மாதத்தில் புது அரங்கு திறந்தபோது அதற்குள் ஒரு சிற்றாலயமும் இருந்தது. திட்டம் முதலே போட்டதுதான். ஆனாலும் அந்த வருடத்துக் கதையைத் தெரிந்துகொண்டு அங்கே போய் இருந்து பாருங்கள், வேறு மாதிரி இருக்கும். 2021இலும் 2023இலும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியும் இந்த ரசிகர்கள் விட்டுப்போகவில்லை. விசுவாசத்தில் நிலைத்திருப்பதை என் மகன் மறைக்கல்வியில் படித்ததைவிட இவர்களைப் பார்த்துத்தான் கூடக் கற்றிருக்கிறான் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

டோர்ட்முண்டில் இருக்கும் என் அத்தான் இதை வாசித்தால் விடமாட்டார். அவர் கறுப்பு மஞ்சள், ஷால்கேயின் பரம எதிரியான போருசியா டோர்ட்முண்டின் ரசிகர். அவருடைய கழகமும் கோவிலில் பிறந்ததுதான், கொஞ்சம் சண்டையோடு. 1909 டிசம்பரில் டோர்ட்முண்ட் திரித்துவப் பங்கின் இளைஞர்கள் உதைபந்தாட்டக் கழகம் தொடங்கக் கூடினார்கள். பங்கின் இளம் குருவுக்கு அந்த விளையாட்டே ஆகாது. தடுக்கப் போனவரை அவர்கள் வாசலிலேயே மறித்துவிட்டார்கள். அந்தத் திரித்துவ ஆலயம் இன்று கழகம் பிறந்த கோவில் என்று பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. சுவாமிக்கு அடங்காத பெடியள் தொடங்கியது என்று நான் சீண்டுவேன். "அடங்காட்டியும் பூசைக்குப் போனவங்கள்தானே" என்பது அத்தானின் பதில்.

ஓகஸ்டில் எல்லோரும் ஜேர்மனியின் மாதா திருத்தலமான கெவலாரில் சந்திப்போம். இலங்கையின் மடு மாதாவை மனதில் வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதிலும் இருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வரும் யாத்திரை. புதுப் பருவம் தொடங்குவதும் அந்த மாதம்தான். அத்தான் மெழுகுதிரி கொளுத்தினால் பக்கத்தில் நானும் ஒன்று கொளுத்துவேன், யாருக்காக என்று இருவரும் கேட்பதில்லை. போப்பாண்டவர் இரண்டாம் யோவான் பவுலும் 1987 மே மாதத்தில் ஒரே பயணத்தில் கெவலார் மாதாவையும் தரிசித்து, பார்க்ஸ்டேடியனில் பூசையும் வைத்தவர். ஷால்கே அவரைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

வேறொரு நாட்டில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் அரங்கில், இதைவிடக் கூடக் காசு கொடுத்துச் சுற்றிப் பார்த்தோம். சொகுசு அறைகள், தோல் இருக்கைகள், எந்தக் கோப்பை எவ்வளவு பெறும் என்ற கணக்கு. கடைசியில் கடைக்குள் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே ரசிகர் என்பவர் வாங்குகிறவர் மட்டும்தான். ஃபெல்டின்ஸ் அரீனாவிலும் கடை உண்டு, மகன் எங்களை இழுத்துக்கொண்டு போனான். ஆனால் பிள்ளை பெறுகிறவர், கல்யாணம் கட்டுகிறவர், சாகிறவர் என்று ரசிகனை ஒரு முழு மனிதனாக நினைத்திருக்கிறார்கள். அரங்குக்கு வெளியே, பெக்ஹௌசனில், மைதானத்தின் வடிவில் 1,904 கல்லறைகளுக்கு இடம் ஒதுக்கிய ஷால்கே ரசிகர் சேமக்காலைகூட உண்டு. அம்மாவுக்கு அதைச் சொன்னபோது, "அப்ப எல்லா அலுவலும் பாத்து வைச்சிருக்கினம்" என்றார்.

அரங்கோடு திரும்பிவிடாதீர்கள். ஷால்கே பகுதியிலேயே புனித யோசேப்பு ஆலயம் இருக்கிறது. அங்குள்ள ஒரு கண்ணாடிச் சாளரத்தில் புனித அலோசியஸ் நிற்கிறார், காலில் உதைபந்தாட்டச் சப்பாத்து, நீலமும் வெள்ளையுமாகக் கால்மேசு, பக்கத்தில் பந்து. உரோமையில் கொள்ளைநோய்க்காரரைப் பராமரிக்கப் போய் 1591இல், 23 வயதில் இறந்தவர் அலோசியஸ். இளையோரின் பாதுகாவலர். அவருக்கு அந்தச் சப்பாத்தைப் போட்டவர் அந்தத் தெருவில் பந்து உதைத்த பிள்ளைகளைத் தெரிந்தவராகத்தான் இருக்கவேண்டும். அந்த முகத்தில் கேலி துளியும் இல்லை. மகன் அந்தச் சாளரத்தைப் படம் எடுத்து அப்போதே அத்தானுக்கு அனுப்பினான்.

போகிறவர்களுக்குச் சில விடயங்கள். கெல்சன்கிர்ஷன் பிரதான நிலையத்தில் இருந்து 302 டிராம் அரங்குக்கே போகும். ஜேர்மன் மொழி விளங்காத பெரியவர்களைக் கூட்டிப்போனால் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும். குளிர்காலத்தில் தடித்த சட்டை போடுங்கள், பாதி நேரம் படிகளில்தான் நிற்பீர்கள். குழுவோடு நகரவேண்டி இருப்பதால் சிற்றாலயத்தில் முழுச் செபமாலை சொல்ல நேரம் கிடைக்காது. செபமாலையின் பத்து மணிகள் கொண்ட ஒரு பகுதியைச் சொல்லலாம், அம்மா சொல்லி முடித்தார். புனித யோசேப்பு ஆலயம் எப்போது திறந்திருக்கும் என்று முதலே விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். டோர்ட்முண்ட் ரசிகர்களும் தாராளமாக வரலாம். அடுத்த முறை அத்தானையும் கூட்டிவருவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.