பச்சை மீனா, கருவாடா?

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் விற்கக் கூடை தூக்க வரும் பெண்கள் பலருக்கும் எதை விற்பது என்ற குழப்பம் உண்டு.

முதல் (போடும் பணம்)
பச்சை மீன்: ஏலத்தில் எடுத்ததை அன்றே விற்றால் போட்ட பணம் மாலையில் கைக்கு வந்துவிடும்.
கருவாடு: வெயிலில் காய்ந்து, நல்ல விலை வரும்வரை பணம் முடங்கிக் கிடக்கும். வட்டிக்கு வாங்கிய பணமென்றால் லாபத்தை வட்டியே தின்னும்.

கெடுதல்
பச்சை மீன்: மதியத்துக்குள் விற்கணும். ஐஸ் வைத்தாலும் சூடை, நெத்திலி தாங்காது. சீலா, பாறை கொஞ்சம் தாங்கும். பொழுது சாய்ந்தால் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட வேண்டியதுதான்.
கருவாடு: நன்றாகக் காய்ந்தது மாதக்கணக்கில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயப்போட்டால் புழு வைத்துவிடும்.

அலைச்சல்
பச்சை மீன்: விடியுமுன் கரையில் நிற்கணும், பிறகு தெருத்தெருவாக நடை. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை. அந்தக் காசு மிச்சம்.
கருவாடு: கழுவ, உப்பிட, காயப்போட, காக்கை விரட்ட. உப்பு கைவிரலை அரித்துவிடும், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகு மீன்தான். வரத்துக் குறைவு, ஏலவிலை எட்டாது. கருவாடு கையிருப்பு உள்ளவருக்கு அந்த நாட்களிலும் அடுப்பெரியும்.

அன்றாடக் காசு வேண்டும், வாடிக்கை வீடுகள் உண்டு என்றால் பச்சை மீன். காயப்போட இடமும், ஒரு மாதம் பொறுக்கும் முதலும் இருந்தால் கருவாடு. தலைச்சுமை முடியாத வயதானவர்களுக்கு நான் கருவாட்டையே சொல்வேன்.