காலையில் பட்டினியா, மாலையில் பட்டினியா?

இளைக்கவும் சர்க்கரையை அடக்கவும் பலர் கடைப்பிடிக்கும் முறை இது: பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு. இந்தக் கணக்கை இரண்டு விதமாகப் போடலாம். காலை உணவை விட்டுவிட்டு நண்பகல் முதல் இரவு 8 வரை சாப்பிடுவது ஒன்று. காலை 8 மணிக்குத் தொடங்கி மாலை 4 மணிக்கு முடித்துக்கொள்வது மற்றொன்று. கடிகாரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். இன்சுலினைச் சுரக்கும் கணையத்துக்கு அப்படி இல்லை.

இன்சுலின் சொல்வதை உடல் காலையில் நன்றாகக் கேட்கிறது. பொழுது சாயச் சாய அந்தப் பணிவு குறைகிறது. இரவில் மெலட்டோனின் என்ற தூக்க ஹார்மோன் ஏறும்போது இன்சுலின் சுரப்பதும் மந்தமாகிறது. அதனால் காலையில் சாப்பிட்ட அதே உணவு, இரவில் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. நீரிழிவின் விளிம்பில் இருந்த ஆண்களைப் பிற்பகல் 3 மணிக்குள் கடைசி உணவை முடிக்க வைத்த ஆய்வு ஒன்று 2018-இல் வெளிவந்தது. ஐந்து வாரத்தில், எடை குறையாமலேயே, இன்சுலின் உணர்திறனும் இரத்த அழுத்தமும் மேம்பட்டன. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் எட்டே பேர்!

எடை விஷயத்தில் இரண்டு முறைகளுமே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நண்பகல் முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்கள், மூன்று வேளை சாப்பிட்டவர்களைவிடப் பெரிதாக இளைக்கவில்லை என்றது 2020-இல் வந்த 12 வார ஆய்வு. சீனாவில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த ஆய்வு, கலோரியைக் குறைத்தவர்களில் ஒரு பாதியினரை மாலை 4 மணியோடு நிறுத்தச் சொன்னது. அதிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஆகவே, இளைக்க விரும்புபவர் எந்த நேரம் தனக்குத் தோதோ அதை எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரைதான் கவலை என்றால் என் ஓட்டு முன்நேரத்துக்கு. மாலை நாலு மணிக்கே வாயைக் கட்டிக்கொண்டு வீட்டார் சாப்பிடுவதைப் பார்த்திருப்பது தவத்தில் சேர்த்தி என்பதால், இரவு உணவை 7 மணிக்குள் சிறிதாக முடித்தால்கூடப் போதும் என்பேன்.

உடற்பயிற்சியிலும், சாப்பிடும் முன்பா, பின்பா என்று இதே வழக்கு உண்டு. வெறும் வயிற்றில் நடந்தால் அந்த நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரிவது உண்மை. நாள் முழுவதும் உண்ணும் அளவு மாறாவிட்டால் அந்த லாபம் பெரிதாகத் தங்குவதில்லை. சாப்பிட்டபின் நடப்பதன் பலன் வேறு வகை. இயங்கும் தசை, இன்சுலினை எதிர்பார்க்காமலே இரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்கிறது. முதியவர்களிடம் நடந்த ஒரு சோதனையில், ஒவ்வொரு வேளைக்குப் பிறகும் நடந்த 15 நிமிடம், ஒரேயடியாக நடந்த 45 நிமிடத்தைவிட இரவு உணவுக்குப் பிந்தைய சர்க்கரையை நன்றாக அடக்கியது.

இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு: மருந்தளவை மருத்துவர் மாற்றாமல் பட்டினி கிடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.