ஃபார்கோ ப்ளூரே வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

"சீல் பிரிக்காத ஒரிஜினல், எந்த பிளேயரிலும் ஓடும்" என்று சொல்லி விற்ற ஃபார்கோ (1996) என்ற ஆங்கிலப் படத்தின் ப்ளூரே உறைக்குள் இருந்தது, கணினியில் பர்ன் பண்ணிய (நகல் எழுதிய) டிவிடி. திருப்பிக் கேட்டால் "சீலைப் பிரித்துவிட்டீர்கள், பணம் வராது" என்கிறார்கள். பிரிக்காமல் உள்ளே இருப்பது எப்படித் தெரியும்?

முதலில் டிஸ்க்கின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சான டிஸ்க்கில் நடு ஓட்டையைச் சுற்றி ஐஎஃப்பிஐ (IFPI) என்று பொடி எழுத்தில் பொறித்திருக்கும். பர்ன் பண்ணியதில் ஊதா சாயல் இருக்கும். எழுதிய பகுதி முடியும் இடம் ஒரு வளையமாகத் தெரியும். கணினியில் போட்டால் ப்ளூரேக்கு பிடிஎம்வி (BDMV) ஃபோல்டர் வர வேண்டும். விடியோ_டிஎஸ் (VIDEO_TS) வந்தால் அது டிவிடிதான்.

படம் ஓடும் நேரம் இன்னும் நல்ல சாட்சி. ஃபார்கோ 98 நிமிடம். 94-இல் முடிந்தால் காட்சி வெட்டு என்று அவசரப்பட வேண்டாம். பால் (PAL) என்ற ஐரோப்பிய டிவி முறைக்கான டிவிடியில் நொடிக்கு 24 ஃபிரேம் படத்தை 25-ஆக ஓட்டுவார்கள். நான்கு நிமிடம் அதில் போகும், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். அந்த டிவிடியில் 94-க்கும் கீழே போனால்தான் கத்தரி. மரம் அரைக்கும் இயந்திரக் காட்சியில் அது விழுந்தால் பெரிய நஷ்டம்: அடுத்து போலீஸ் காரில் நாயகியான போலீஸ் அதிகாரி மார்ஜ் கொலைகாரனிடம் பொறுமையாகப் பேசுவதன் கனமே போய்விடும்.

படத்தின் அகலம் உயரத்தைப் போல் 1.85 மடங்கு. பழைய டிவிக்காக 4:3-ஆக நறுக்கிய பிரதியில் அகலத்தில் கால் பங்குக்கு மேல் காணாமல் போகும். ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ் எடுத்த வெண்பனியும் 4.7 ஜிபி டிவிடிக்குள் நசுக்கினால் கட்டம் கட்டமாக உடையும். கார் வெள்ளையிலிருந்து மெல்ல வெளிப்படும் அந்தத் தொடக்கமே பாழ். டப்பிங் மட்டும் உள்ள பிரதியும் வேண்டாம். கதை நடக்கும் அமெரிக்க மாநிலத்தின் மினசோட்டாக்காரர்கள் இழுத்துச் சொல்லும் "யா"வில்தான் பாதிச் சிரிப்பு இருக்கிறது.

எந்த நாட்டு பிளேயரில் டிஸ்க் ஓடும் என்று சொல்லும் ரீஜன் குறியையும் கேளுங்கள். ப்ளூரேயில் அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. ஏ மட்டும் போட்ட டிஸ்க் இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாது. 4கே டிஸ்க்குக்கு இந்தப் பூட்டு இல்லை.

பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து டிஸ்க்கின் அடிப்பக்கம் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். பணம் தர மறுத்தால் அதோடும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடும் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டைப் பணம் கட்டும் முன்பே எடுத்துவிடுங்கள். புகார் என்றதும் விளம்பரத்தைத் தூக்கிவிடுவார்கள்.