தாத்தாவின் கப்பல் பதிவு என்று சொல்லி 850 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள்

பூர்வீக ஊரைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது வாட்சாப்பில் பேசினால் பணம் கட்டிவிடாதீர்கள். எங்கள் குடும்பத்தில் 850 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) போயிற்று. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அம்மா ஒரு மாதம் முழுக்க யாரோ ஒருவருடைய ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எங்களுக்கு மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தை என்ற ஊர். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். தாத்தா இங்கே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி கூட்டி வந்ததையும், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி பினாங்கில் இறங்கியதையும் வாய் ஓயாமல் சொல்வாராம். எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை. அம்மாவுக்கு 79 வயது. கண்ணை மூடுவதற்குள் அந்த மண்ணை ஒரு தடவை மிதித்துவிட வேண்டும் என்பார்.

முகநூல் விளம்பரம் பார்த்துத்தான் பேசினேன். கப்பல் பதிவேட்டில் தேடி ஊர், தகப்பன் பெயர் எல்லாம் எடுத்துத் தருவோம், வெளிநாட்டில் இருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை எடுக்கவும் உதவும் என்றார்கள். பேசிய பையன் வாய்க்கு வாய் அக்கா என்றான். அம்மாவின் ஐசி (அடையாள அட்டை), சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்) இரண்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னான். முதலில் 350 வெள்ளி. ஒரு வாரம் கழித்து, "பதிவு கிடைச்சிருச்சுக்கா" என்று இன்னும் 500. இரண்டும் ஒரு தனியாளின் பேங்க் கணக்குக்குத்தான் போயின.

வந்தது ஒரே ஒரு பக்கம். தாத்தா பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருந்தன. அம்மா அந்தக் கிராமத்தின் பெயர் மேல் விரலை வைத்துக்கொண்டு அழுதார். பெரியம்மா வீட்டுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னார்.

அக்கா மகன்தான் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். தேதி இருக்க வேண்டிய ஓரம் வெட்டப்பட்டிருந்தது. கப்பல் பெயர் மட்டும் மூலையில் தப்பியிருந்தது: உம்லாசி. அது மதராஸிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஆள் ஏற்றிப் போன கப்பல். 1860-இலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் அங்கே ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அந்தப் பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம். தாத்தா ஏறிய ரஜூலா கட்டப்பட்டதே 1926-இல். ஆக, தாத்தா பெயரே கொண்ட வேறொருவரின் வரியை வெட்டி எடுத்து எங்களிடம் விற்றிருக்கிறான்.

இது எல்லோருக்கும் தெரிய வேண்டும். நேட்டால், மொரீஷியஸ், பிஜி போன ஒப்பந்தக் கூலிகளுக்கு ஆளுக்கு ஒரு எண் போட்டு ஊர் வரைக்கும் எழுதினார்கள். மலாயாவுக்கு அப்படி ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பது 1910-இல் நின்றுபோனது. அப்புறம் 1938-இல் இந்திய அரசு தடுக்கும்வரை நம் ஆட்கள் பெரும்பாலும் கங்காணி கூட்டியோ தாங்களாகவோ வந்தவர்கள். அவர்களைப் பெயர் போட்டுத் தேடி ஊரைக் கண்டுபிடிக்கும்படியான பதிவேடு நான் தேடிய எந்த இணையதளத்திலும் இல்லை. ஒரு வாரத்தில் கிடைத்துவிட்டது என்று எவனாவது சொன்னால் கப்பல் பெயரையும் தேதியையும் முதலில் கேளுங்கள். அந்தத் தாளை நம்பி ஓசிஐக்குக் கொடுத்திருந்தால் பொய்ப் பத்திரம் கொடுத்தவர்களாக நாங்கள்தான் நின்றிருப்போம்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அவன் ஒரு தடவைகூடக் குலதெய்வம் எது என்று கேட்கவில்லை. கங்காணி பெயரையும் கேட்கவில்லை. கங்காணிகள் தங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலும்தான் ஆள் சேர்த்தார்கள். அதே கங்காணியோடு வந்த இன்னொரு குடும்பத்துக்கு ஊர்ப் பெயர் ஞாபகம் இருந்தால் பாதி வேலை முடிந்தது. உண்மையாகத் தேடுகிறவன் அங்கிருந்துதான் ஆரம்பிப்பான்.

இப்போது நாங்களே தேடுகிறோம். பாட்டி வைத்திருந்த பித்தளைச் செம்பைப் புளி போட்டுத் தேய்த்தபோது அடியில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது தெரிந்தது. முதல் எழுத்து 'மே'. அடுத்தது தேய்ந்துபோய்விட்டது. கடைசியில் 'டி' மாதிரி இருக்கிறது. அது ஊரா ஆள் பெயரா என்று தெரியவில்லை. தாத்தாவின் இறப்புப் பதிவுக்கு தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன்னில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். குடும்பப் பதிவுகளைத் தேடும் ஃபேமிலிசர்ச் தளத்திலும், சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய பத்திரிகைகளிலும் அக்கா மகன் தேடுகிறான். இரண்டுக்கும் காசு கிடையாது.

பணம் போனது தெரிந்த உடனே மலேசியாவில் மோசடிப் புகாருக்கான 997-க்குப் போன் செய்யுங்கள். நான் ஒரு மாதம் கழித்துத்தான் செய்தேன். பணம் போடுவதற்கு முன்னால் மோசடிக் கணக்கா என்று பார்க்கும் போலீசின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அம்மாவின் ஐசி படம் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. அதையும் சொல்லி பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) ரிப்போர்ட் கொடுத்திருக்கிறேன், அதனால் பெயரை இங்கே போடவில்லை. இதே மாதிரி வெட்டிய தாள் உங்களுக்கும் வந்திருந்தால் எழுதுங்கள், அந்த ரிப்போர்ட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம்.