7-ஜிப்: பசுந்தேயிலைக் கணக்குக்குச் சரி, போட்டோவுக்கு வேண்டாம்

ஆடி மழையில் கூடலூர், ஐப்பசி மழையில் கோத்தகிரி: கரண்டும் போகும், நெட்டும் திணறும். தேயிலைத் தொழிற்சாலை ஆபீசிலிருந்து ஆடிட்டருக்குப் போகும் கணக்கு பாதியில் அறுந்துவிடும். அந்த நேரத்தில் கைகொடுப்பது, ஃபைலைச் சுருக்கித் தரும் மென்பொருளான 7-ஜிப். ஈகோர் பாவ்லோவ் எழுதி 1999-இல் வெளியிட்டது. முழுக்க இலவசம், இன்ஸ்டாலர் 2 எம்பிகூட இல்லை. பழைய கணினியிலும் ஓடும்.

கொள்முதல் கணக்கு சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைலாக) இருந்தால் அளவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குவது சாதாரணம். ‘தேயிலை’ என்ற சொல்லையே பாருங்கள். த, ஏகாரக் குறி, ய, இகரக் குறி, ல, ஐகாரக் குறி என்று ஆறு குறிகள். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட், ஆக 18. ஒவ்வொரு குறியின் முதல் பைட்டும் 224; இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது மட்டும்தான் நிஜமாக மாறுகிறது. தமிழ் எழுத்து நன்றாகச் சுருங்குவதற்கு இதுவே பெரிய காரணம். அடுத்த வரியில் அதே சொல் வந்தால், “இத்தனை பைட் பின்னால் போய் 18 பைட் எடுத்துக்கொள்” என்ற சிறு குறிப்பு மட்டும் எழுதப்படும். லெம்பெல், சிவ் இருவரும் 1977-இல் கொடுத்த வழி இது. சாதாரண ஜிப் பின்னால் 32 கேபி வரைதான் தேடும். 7-ஜிப்பின் எல்இசட்எம்ஏ2 என்ற சுருக்கும் முறை பல எம்பி தூரம் தேடும். ஏப்ரல் மாத விவசாயி பட்டியல் ஜூனில் திரும்ப வந்தாலும் அதன் கண்ணுக்குப் படும்.

குன்னூர் சிம்ஸ் பூங்கா மலர்ப் படங்களை மட்டும் இதில் போடாதீர்கள். போட்டோக்களின் வழக்கமான வடிவமான ஜேபெக் ஏற்கெனவே கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்தைக் கழித்துச் சுருக்கிய ஃபைல். 100 எம்பி போட்டால் 98, 99 என்றுதான் வரும். எம்பி4 வீடியோ, எம்பி3 பாட்டு இரண்டுக்கும் இதே கதி. எக்ஸெலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் உள்ளுக்குள் ஒரு ஜிப்தான், அதுவும் இறங்காது. படத்தைச் சிறிதாக்க வேண்டுமென்றால் அகலத்தையோ தரத்தையோ குறைத்து சேமிப்பதுதான் வழி.

அமைப்பு: ஃபோல்டரில் வலது கிளிக், 7-ஜிப், ‘ஆட் டு ஆர்க்கைவ்’. ஃபார்மேட் 7ஜெட் (7z), முறை எல்இசட்எம்ஏ2. 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் டிக்ஷனரி (பின்னால் தேடும் தூரம்) 32 எம்பி, சிபியு த்ரெட் 2 போதும். டிக்ஷனரி அளவைப் போல் சுமார் 11 மடங்கு ரேம் சுருக்கும்போது தேவை. 64 எம்பி வைத்தால் 700 எம்பி போய்விடும், மற்ற வேலையெல்லாம் மெதுவாகிவிடும். பிரிப்பவருக்கு இவ்வளவு ரேம் வேண்டாம், டிக்ஷனரி அளவும் சற்று மேலும் போதும். நெட் மோசமாக இருந்தால் ‘ஸ்பிளிட்’ கட்டத்தில் 10எம் என்று அடியுங்கள். 001, 002 என்று துண்டுகள் வரும். ஒரு துண்டு அறுந்தால் அதை மட்டும் திரும்ப அனுப்பலாம். பெறுபவர் எல்லாத் துண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்து 001-ஐ மட்டும் திறக்க வேண்டும்.

குறைகளும் உண்டு, சிறியவை அல்ல. 7ஜெட்டின் உள்ளடக்கப் பட்டியல் ஃபைலின் கடைசியில் எழுதப்படுகிறது. சுருக்கும் நடுவில் கரண்ட் போனாலும், டவுன்லோட் பாதியில் நின்றாலும் அந்த ஃபைல் திறக்காது. ‘சாலிட்’ முறையில் எல்லா ஃபைலும் ஒரே சரமாகக் கோக்கப்படுவதால், நடுவில் ஒரு பைட் கெட்டால் அந்தத் தொகுப்பில் அதற்குப் பின்னால் உள்ளவையும் போகும். வருடக்கணக்கில் பென்டிரைவில் வைக்கும் கணக்குக்கு சாலிட்டை ‘நான்-சாலிட்’ ஆக்குங்கள். அளவு கொஞ்சம் கூடும், பரவாயில்லை. ‘டெலீட் ஃபைல்ஸ் ஆஃப்டர் கம்ப்ரஷன்’ கட்டத்தில் டிக் வேண்டவே வேண்டாம். முடிந்ததும் ‘டெஸ்ட் ஆர்க்கைவ்’ ஒருமுறை ஓட்டி, பிழை ஏதும் இல்லை என்று வந்த பிறகு மூல ஃபைலை அழியுங்கள்.