சின்னக் காருக்கு சவுண்ட் டேம்பிங்: சில வருடம் ஓட்டிய பிறகு

இரைச்சலைக் குறைக்க, தகடுகளின் உள்பக்கத்தில் டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்கும் ஷீட்) ஒட்டி முடித்த காரில் எல்லோரும் முதலில் செய்வது, டோரைத் திறந்து மூடிப் பார்ப்பதுதான். முன்பு தகர டப்பா மாதிரி ‘டங்’ என்று மூடிய டோர் இப்போது ‘டப்’ என்று அடங்கி மூடும். கடைக்காரரும் அதைத்தான் செய்து காட்டுவார். கொடுத்த காசுக்கு ஏதோ நடந்திருக்கிறது என்ற திருப்தி அங்கேயே வந்துவிடும். ஆனால் நெடுஞ்சாலையில் 90-ல் போகும்போது காதில் விழும் இரைச்சலுக்கும் இந்த ‘டப்’புக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. சில மழைக்காலம், சில கோடைக்காலம் பார்த்த பிறகு இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

என்னுடையது ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். நகரத்துக்குள் ஓட்ட ஒரு குறையும் இல்லை. சென்னை–திருச்சி சாலையில் வேகம் பிடித்தால்தான் பிரச்சினை. பின் சீட்டில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். அப்பா காது மெஷின் வைத்திருக்கிறார். அது நம் பேச்சோடு சேர்த்து டயர் இரைச்சலையும் பெரிதாக்கிக் கொடுக்கும். பரனூர் டோல்கேட் தாண்டியதுமே கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிடுவார். அப்புறம் திருச்சி வரை நாங்கள் பேசுவது எதுவும் அவருக்கு இல்லை. நான் இந்த வேலையில் இறங்கியதே அதற்காகத்தான். பாட்டு நன்றாகக் கேட்பதெல்லாம் கூடவே வந்த லாபம்.

கடைகளில் எல்லாவற்றையும் ‘சவுண்ட் ப்ரூஃப் ஷீட்’ என்று ஒரே பெயரில் விற்கிறார்கள். உள்ளே மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. மேலே அலுமினியத் தாளும் கீழே பியூட்டைல் ரப்பரும் உள்ள ஷீட், தகடு அதிர்வதை அடக்குவதற்கு. தகடு அதிரும்போது நடுவில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் இழுபட்டு, அதிர்வின் சக்தியை வெப்பமாக மாற்றிவிடுகிறது. இதைத் தகடு முழுக்க ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. தகட்டின் நடுப்பகுதியில் கால்வாசி முதல் பாதி வரை ஒட்டினாலே பெரும்பாலான பலன் கிடைத்துவிடும். இரண்டாவது, காற்று வழியாக வரும் சத்தத்தை மறிப்பது. அதற்குக் கனம் வேண்டும், இடைவெளியே இல்லாமல் மூட வேண்டும். கனமான வினைல் ஷீட் இந்த வகை. சதுர மீட்டருக்கு 5 கிலோ வரை வரும். மூன்றாவது, சத்தத்தை உறிஞ்சும் ஃபோம் அல்லது ஃபெல்ட். மெல்லிய ஃபோமை ஒட்டிவிட்டு டயர் இரைச்சல் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தால் நடக்காது. டயரின் அடித்தொண்டைச் சத்தம் அதை ஒரு பொருட்டாகவே மதிக்காது.

வேலை செய்த பட்டறையில் முதல் பேச்சே, “சார், ஃபுல்லா ஒட்டிடலாம் சார், ஒரு இடம் விடாம” என்பதுதான். ஷீட் கணக்கில் காசு வாங்குகிறவர் வேறு என்ன சொல்வார்? 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ஷீட்டே சதுர மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் இருக்கும். கார் முழுக்க ஒட்டினால் ஒரு ஆளை நிரந்தரமாக ஏற்றிக்கொண்டு போகிற கணக்கு. அதனால் நான்கு டோர், டிக்கி தரை, பின் சக்கரங்களுக்கு மேலே உள்ள வளைவு, இவ்வளவு போதும் என்று சொன்னேன். பானெட்டைத் தொடவில்லை. இன்ஜின் சத்தம் எனக்குத் தொந்தரவாக இருந்ததில்லை. அதோடு பானெட்டின் சூட்டில் எதை ஒட்டினாலும் எத்தனை நாள் நிற்கும் என்பது சந்தேகம்.

டோர் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். டோர் பேடை, அதாவது டோரின் உள்பக்கத்து மூடியைக் கழற்றினால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மழைத்தண்ணீர் பேடுக்குள் வராமல் தடுப்பது அதுதான், கிழித்து எறியக் கூடாது. அதற்குப் பின்னால் உள்ள ஓட்டைகள் வழியே கையை விட்டு, வெளித்தகட்டின் உள்பக்கத்தைத் துடைத்தார்கள். துணியில் வந்த செம்மண்ணைப் பார்த்தால் அது ஏதோ வண்டலூர்ப் பக்கத்துக் குவாரி லாரி என்று நினைப்பீர்கள். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு, துணி வெள்ளையாக வரும் வரை துடைக்கச் சொன்னேன். பிறகு ஷீட்டை ஒட்டி ரோலரால் அழுத்த வேண்டும். அலுமினியத்தின் மேல் உள்ள மேடுபள்ளக் கோலம் தட்டையாகும் வரை அழுத்தினால்தான் ரப்பர் தகட்டைப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இதில் அவசரப்பட்ட ஓர் இடத்தில், பின்பக்க இடது டோரில், ஒரு ஷீட்டின் ஓரம் ஒரு கோடை முடிவதற்குள் எழும்பிவிட்டது. மற்றவை அப்படியே இருக்கின்றன.

டோரின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் போவது அந்த வழியாகத்தான். ஷீட்டோ ஃபோமோ அதை அடைத்தால் டோர் உள்ளிருந்து துருப்பிடிக்கும். சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான அழுத்த சென்சாரும் டோருக்குள்ளேயே இருக்கும். அதன் பக்கம் எதையும் ஒட்டக் கூடாது. டிக்கியில் இன்னொரு விஷயம். பின் பம்பருக்கு உள்ளே, ஓரத்தில், ரப்பர் மடல் வைத்த காற்றுப்போக்கி இருக்கும். ‘இதுவழியாத்தான் சார் சத்தம் வருது’ என்று அதையும் மூடப் போனார்கள். அதை மூடினால் உள்ளே வரும் காற்று வெளியேற வழியில்லாமல் டோர் மூடுவது கடினமாகும், ஏசி காற்றோட்டமும் கெடும். விடச் சொன்னேன்.

சரி, பலன் என்ன? போனில் உள்ள டெசிபல் ஆப் வைத்துப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நல்ல தார்ச்சாலையில், ஒரே வேகத்தில், இரண்டு மூன்று டெசிபல் இறங்கியது. போன் மைக் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது, முன்னும் பின்னும் ஒப்பிடலாம், அவ்வளவுதான். பொதுவாக 3 டெசிபல் குறைந்தால் காதுக்கு லேசாகத் தெரியும். 10 குறைந்தால்தான் பாதியானது போலத் தோன்றும். அந்தப் பத்தை எந்தக் கடைக்காரரும் ஒரு சின்னக் காரில் கொடுக்க முடியாது. ஆனால் சத்தத்தின் குணம் நன்றாக மாறியிருக்கிறது. தகடு அதிர்வதால் வரும் அந்த ‘ஞொய்ங்’ அடங்கிவிட்டது. பக்கத்தில் பஸ் கடக்கும்போது முகத்தில் அறைவது போல வந்த சத்தம் இப்போது ஒரு அடி தள்ளி நிற்கிறது. பின் சக்கரம் தெறிக்கும் ஜல்லி ‘டிங் டிங்’ என்று கேட்காமல் ‘டொக்’ என்று கேட்கிறது. அப்பா இப்போது விழுப்புரம் வரைக்குமாவது மெஷினைப் போட்டுக்கொண்டு வருகிறார். எனக்கு ஆப் காட்டும் எண்ணைவிட இந்தக் கணக்கு போதும்.

குறையாதது, கான்கிரீட் சாலையில் வரும் ‘ஊ...’ சத்தம். அதில் பெரும்பகுதி டயரிலிருந்து சஸ்பென்ஷன் வழியாக பாடிக்குள் ஏறி வருவது. டயருக்குள் அடைபட்ட காற்றே 200 முதல் 250 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரு தனி முழக்கம் போடும். டோரில் எவ்வளவு ஷீட் ஒட்டினாலும் அதன் வழி அது வந்துகொண்டேதான் இருக்கும்.

அதற்கு மருந்து வேறு இடத்தில் இருந்தது. காரோடு வந்த டயர்கள் தேய்ந்ததும், அமைதிக்குப் பெயர் வாங்கிய ரகம் ஒன்றாகப் பார்த்து நான்கையும் மாற்றினேன். கான்கிரீட்டில் ஷீட் செய்யாததை டயர் ஒரே நாளில் செய்தது. டயர் ரப்பர் வயதாக ஆகக் கெட்டியாகி இரைச்சல் கூடும். ரொட்டேஷன் (டயர்களை இடம் மாற்றிப் போடுவது) செய்யாமல் விட்டால் டயரின் மேல்பரப்புப் பட்டன்களின் விளிம்பு ரம்பப் பல் போலத் தேய்ந்து, சக்கர பேரிங் போய்விட்டதோ என்று நினைக்கும் அளவுக்கு ஊளையிடும். உண்மையிலேயே பேரிங் போயிருக்கவும் கூடும். வளைவில் ஒரு பக்கம் திருப்பும்போது சத்தம் கூடி, மறுபக்கம் திருப்பும்போது குறைந்தால் அதை முதலில் பாருங்கள். ஆகவே டயர் இன்னும் ஒரு வருடத்தில் மாற்ற வேண்டிய நிலையில் இருந்தால் ஷீட்டைத் தள்ளிப் போடுங்கள். டயரை மாற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, அப்புறமும் தேவை என்றால் ஒட்டலாம். பாதிப் பேருக்குத் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

நாள்பட்ட அனுபவத்தில் தெரிந்தவை இன்னும் சில. பியூட்டைல் வாசனை அடிக்கவில்லை, உருகி வழியவும் இல்லை. விலை குறைவு என்று கூரைக்கு ஒட்டும் தார் ஷீட்டைக் காருக்குள் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய கார் எவ்வளவு சுடும் என்று தெரிந்த யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். மே மாதத்தில் புது ரோடு போட்ட தெருவில் குடியிருப்பது மாதிரி ஆகிவிடும். டோருக்குள் பஞ்சு போன்ற, தண்ணீர் குடிக்கும் ஃபோமும் வேண்டாம். ஐப்பசியில் நனைந்தது தை வரை காயாது. டோர் ஓரத்தில் கூடுதலாக ஒட்டிய பீடிங் ரப்பர் ஆரம்பத்தில் காற்றுச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தது. டோரை அடித்து மூட வேண்டியிருந்தது. வெயிலில் அது தட்டையாகிப்போன பிறகு இரண்டும் இல்லை. மைலேஜில் வித்தியாசம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பெரிய இரைச்சல் குறைந்ததும் சின்னச் சின்னச் சத்தங்கள் வெளியே வரும். டேஷ்போர்டு கீச்சிடுவது, ஆளில்லாத சீட்டின் பெல்ட் பக்கிள் தட்டுவது, டிக்கியில் ஸ்டெப்னி மேல் ஜாக்கி குலுங்குவது எல்லாம் முன்பும் இருந்தவைதான், கேட்கவில்லை, அவ்வளவே. டோர் பேடிலிருந்து வரும் கடகடப்பு மட்டும் புதிது. கழற்றும்போது உடையும் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்குப் பதில் புதிது போடாமல், இருப்பதை வைத்து மாட்டிவிடுவதால் வருவது அது. கம்பெனி ஸ்பேர் கடையில் கிளிப் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. டோருக்கு இரண்டு மூன்று வீதம் முன்னாடியே வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.