கொண்டை ஊசி வளைவில் காணாமல் போகும் இன்சுலின்: ஒரு 'சுகர் – ஞாபகசக்தி' பேக்கேஜ்

சேலத்தில் லேப், ஏற்காடு வரை வீடு தேடி வந்து ரத்தம் எடுக்கும் வசதி. பெயர் வேண்டாம்; இதே பேக்கேஜை வேறு பெயரில் விற்பவர்களுக்கும் கீழே உள்ளது பொருந்தும். வெறும் வயிற்று சுகர், மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி, வெறும் வயிற்று இன்சுலின், சுகரையும் இன்சுலினையும் வைத்து இன்சுலின் எதிர்ப்பை (உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாத நிலை) கணிக்கும் ஹோமா-ஐஆர் கணக்கு, வைட்டமின் பி12 எல்லாம் இதில் அடக்கம். மறதி நோய் ஆபத்தோடு தொடர்புள்ள ஏபிஓஇ மரபணுச் சோதனைக்குத் தனிக் காசு.

முதலில் நல்லது. ஹெச்பிஏ1சியை, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி முறையில் செய்து, வரைபடத்தையும் ரிப்போர்ட்டோடு தருகிறார்கள். ஊதா மூடி டியூப்பில் எடுத்த ரத்தம் குளிரில் சில நாட்கள் தாங்கும் என்பதால் மலையிறங்கும் நேரம் இதைப் பாதிக்காது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த எண் உண்மையைவிட ஏறித் தெரியும். ஹீமோகுளோபினைப் பேக்கேஜில் சேர்க்காதது குறைதான்.

வெறும் வயிற்று சுகர் அவ்வளவு சாது இல்லை. எடுத்த ரத்தத்திலுள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். சாம்பல் மூடி டியூப்பில் இருக்கும் ஃபுளோரைடு இதைத் தடுக்கத்தான். ஆனால் அது பிடிப்பதற்கே ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். டியூப்பை 8–10 முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி, உடனே குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஐஸ் மேல் நேரடியாக வைத்தால் அணுக்கள் உறைந்து உடையும். நடுவில் துணி வேண்டும். இந்த லேப்பின் ஆட்கள் இதைச் சரியாகவே செய்கிறார்கள்.

கோட்டை விடுவது இன்சுலினில். சிவப்பணுக்களுக்குள் இன்சுலினைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. ஆங்கிலச் சுருக்கம் ஐடிஇ. அணு உடைந்தால் நொதி வெளியே வந்து டியூப்புக்குள்ளேயே இன்சுலினைத் தின்றுவிடும். மெல்லிய ஊசியில் சிரிஞ்சை வேகமாக இழுப்பது, அதே ஊசி வழியாக டியூப்பில் அழுத்திப் பீய்ச்சுவது, ஸ்பிரிட் காயும் முன் குத்துவது, சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) பிரிக்காத ரத்தத்தை 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுக்கி இறக்குவது என்று அணு உடைய வழிகள் நிறைய. சர்க்கரை 108, இன்சுலின் 15 என்றால் இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுக்க ஹோமா-ஐஆர் 4 வரும். பாதி இன்சுலின் சிதைந்திருந்தால் 2. இன்சுலின் எதிர்ப்பு தெளிவாக இருப்பவருக்கு 'பரவாயில்லை' என்று ரிப்போர்ட் போய்விடும். சீரம் இளஞ்சிவப்பாக இருந்தால் அணுக்கள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம்; மறு சாம்பிள் கேட்பதுதான் முறை. இங்கே ஓரத்தில் 'ஹீமோலைஸ்டு' (அணு உடைந்தது) என்று பொடி எழுத்தில் போட்டு, எண்ணையும் அச்சடித்துவிடுகிறார்கள். முடி வளர பயோட்டின் மாத்திரை எடுக்கிறீர்களா என்றும் கேட்பதில்லை. பல கருவிகளில் அதுவும் இன்சுலினைக் குறைத்துக் காட்டும். இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும்.

இதே ஐடிஇ-யைத்தான் விளம்பரத்தில் 'சர்க்கரைக்கும் மறதிக்கும் உள்ள தொடர்பு' என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். அடிப்படை பொய்யல்ல. அல்சைமர் என்ற மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு பீட்டா என்ற புரதத்தையும் இந்த நொதி சிதைக்கிறது. 2003-இல் வெளியான ஆய்வில், ஐடிஇ இல்லாத எலிகளில் இன்சுலினும் அமிலாய்டு பீட்டாவும் சேர்ந்தே கூடியிருந்தன. இன்சுலின் அதிகமானால் நொதி அதிலேயே மும்முரமாகி அமிலாய்டைக் கவனிக்காது என்பது ஒரு கருதுகோள். அதை வைத்து, ரத்த இன்சுலினைப் பார்த்து ஒருவருக்கு மறதி நோய் வருமா என்று சொல்ல முடியாது. ஏபிஓஇ மரபணுவின் ஏபிஓஇ4 வகை இருந்தால் ஆபத்து கூடும், அவ்வளவுதான்; இருந்தும் நோய் வராதவர்களும், இல்லாமல் வந்தவர்களும் உண்டு. அந்தச் சோதனைக்குக் காசு கொடுப்பது வீண்.

மறதிக்கு இந்தப் பேக்கேஜில் உருப்படியானது பி12 மட்டுமே. பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு அது குறையலாம். கால் மதமதப்பும் ஞாபகக் குறைவும் வந்தால் சர்க்கரையின் மேல் பழி போட்டுவிடுவோம். பி12 குறைவு சீக்கிரம் தெரிந்தால் சரிசெய்யலாம்.

ஏற்காட்டுக்காரர்கள் ஹெச்பிஏ1சி, பி12 இரண்டையும் வீட்டிலேயே கொடுக்கலாம். இன்சுலினுக்கு மட்டும் வெறும் வயிற்றோடு சேலம் இறங்கி, லேப்பிலேயே கொடுங்கள். அரை மணி நேரம் உறையவிட்டு அங்கேயே சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிச் சீரத்தைப் பிரிப்பார்களா என்று முன்கூட்டியே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.